உரையாடல் வழங்கிகளில் தரவுத்தள இணைப்பு வரம்பு: கடலூர் மாவட்டப் பேரிடர்க்காலத் தேவையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பயனர் பெருகும்போது உரையாடல் வழங்கிக்குத் தரவுத்தளம் புதிய இணைப்புகளை மறுப்பதுண்டு. வரம்பை உயர்த்துவதே தீர்வு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இணைப்புகள் எங்குத் தேங்குகின்றன எனக் கண்டறிவதே முதற்பணி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உரையாடல் வழங்கி, தரவுத்தளம், இணைப்பு வரம்பு, இணைப்புத் தொகுப்பு, பேரிடர்.

முன்னுரை

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தின் மின்கட்டமைப்பு பெரிதும் சிதைந்தது. இன்று அத்தகைய சூழல் நேரின், மின்சாரம் மீண்டவுடன் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒரே வேளையில் உரையாடல் வழங்கியை நாடும். பேரிடரின்றியும் இந்நெருக்கடி எழலாம். 2025 செப்டம்பரில் சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியில் புதிய பதிவுகள் நாளொன்றுக்கு 3,000 என்பதிலிருந்து மூன்றே நாள்களில் 3,50,000 ஆக உயர்ந்தன எனவும், உள்கட்டமைப்பை அவசரமாக விரிவாக்குவதாகவும் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். இத்தகைய விரிவாக்கத்தின்போது கருதவேண்டிய கூறுகளுள் ஒன்று இணைப்பு வரம்பு.

வரம்பின் இயல்பு

கைப்பேசி வழங்கியோடு கொள்ளும் இணைப்பு வேறு. வழங்கி தரவுத்தளத்தோடு கொள்ளும் இணைப்பு வேறு. முன்னது ஆயிரக்கணக்கில் இருப்பினும் பின்னது சில பத்துகளே போதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பான வரம்பு 100, அவற்றுள் 3 மேலாளருக்கென ஒதுக்கப்பட்டவை, எஞ்சுவன 97. ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை இயங்குவதால் வரம்பை உயர்த்துந்தோறும் நினைவகச் செலவும் கூடும்.

சிதம்பரத்தில் உள்ள வழங்கியொன்று கடலோர ஊர்களுக்குச் சேவை தருவதாகக் கொள்வோம். அதில் 8 செயல்முறைகள், ஒவ்வொன்றிலும் 10 இணைப்புகள் கொண்ட தொகுப்பு எனில், மொத்தம் 80. நெரிசலைச் சமாளிக்கச் செயல்முறைகளை 12 ஆக்கினால் தேவை 120 ஆகி, வரம்பைக் கடக்கிறது. உதவிக்கெனச் சேர்த்தவையே தடையாகின்றன.

கண்டறியும் முறை

‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்னும் காட்சி ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் தருகிறது. பெரும்பாலானவை வெறுமனே காத்திருப்பின், தொகுப்புகளின் கூட்டுத்தொகை மிகை என்பது பொருள். நெடுநேரம் செயலில் இருப்பின், பழைய உரையாடல்களைத் தேடும் வினவல்கள் மெதுவானவையா, அட்டவணைக்கு உரிய சுட்டி உள்ளதா, பூட்டுக்காகக் காத்திருக்கின்றனவா என ஆராய வேண்டும். பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் செயலற்றிருப்பின், பிழை நிரலில் உள்ளது. சான்றாக, பரிவர்த்தனையை முடிக்காமலேயே கைப்பேசிக்கு அறிவிப்பு அனுப்பி, அதன் மறுமொழிக்காகக் காத்திருக்கும் நிரலைக் குறிப்பிடலாம்.

தீர்வுகள்

தொகுப்புகளின் கூட்டுத்தொகை வரம்புக்குள் அமைதல் வேண்டும். செயலற்ற பரிவர்த்தனைகளுக்குக் கால எல்லை விதிக்கலாம். செயல்முறைகள் பலவாயின், ‘பிஜிபவுன்சர்’ போன்ற இடைநிலை மென்பொருள் சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும். எனினும் பரிவர்த்தனைதோறும் பகிரும் முறையில் தரவுத்தளத்தின் ‘லிசன்’ வசதி இயங்காது. புதுச்செய்தியை உணர்த்த அதனை நம்பியிருக்கும் உரையாடல் மென்பொருளுக்குத் தனி நேரடி இணைப்பு தேவை. கைப்பேசிச் செயலியும் மீண்டும் இணைய முயலுமுன் சமவாய்ப்பு முறையில் சில நொடிகள் தாமதித்தல் நெரிசலைப் பரவலாக்கும்.

முடிவுரை

காரணம் அறியாது உயர்த்தப்படும் வரம்பு, அடுத்த நெருக்கடி வரை பிழையை மறைத்து வைக்கும். புயற்காலத்தில் அப்பிழை வெளிப்படின், இழப்பது உரிய நேரத்துச் செய்தியை. எனவே இணைப்புக் கணக்கைப் பருவமழைக்கு முன்னரே சரிபார்த்தல் இன்றியமையாதது.