கொடைக்கு முன் ஒரு வினா

ஈகையைப் போற்றும் நாம், உறுப்புக்கொடையை இக்காலத்தின் பெருங்கொடை எனலாம். ஆயின் சிறுநீரகத்தோடும் கல்லீரலோடும் கொடையாளியின் நோய்க்கிருமியும் சென்றுவிடக்கூடும். பெறுபவரோ, புதிய உறுப்பை உடல் ஒதுக்காதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர். எனவே சிறு தொற்றும் அவருக்குப் பெருங்கேடாய் முடியலாம்.

இதனாலேயே கொடையாளியின் குருதியில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை விளைவிக்கும் பி, சி வகை வைரஸ்கள், மேகநோய்க் கிருமி முதலியன உள்ளனவா என ஆராய்கின்றனர். எனினும் சோதனைக்கும் எல்லை உண்டு. கிருமி நுழைந்தவுடன் உடலில் எதிர்ப்பொருள் தோன்றிவிடுவதில்லை; அதுவரை எதிர்ப்பொருள் சோதனை 'நோயில்லை' என்றே காட்டும். 1985இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவ்வாறு தேர்ந்த ஒருவரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கும் எச்.ஐ.வி. பரவியது. கிருமியின் மரபுப்பொருளையே தேடும் இன்றைய நியூக்ளிக் அமிலச் சோதனை, அவ்விடைவெளியைச் சுருக்கியுள்ளது, முற்றிலும் நீக்கவில்லை.

சோதனைப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறாத நோய்களும் உள. 2004இல் டெக்சாசில் ஒரே கொடையாளியின் உறுப்புகளையும் இரத்தக்குழாயையும் பெற்ற நால்வர் ரேபிஸ் எனும் வெறிநோயால் மாண்டனர். கொடையாளியை வௌவால் கடித்திருந்த செய்தி பின்னரே வெளிவந்தது.

ஆய்வுக்கூடம் விடை கூறவியலாத இடத்தில் குடும்பத்தாரின் வாய்மொழியே சான்று. துயர வேளையில் கடி, காய்ச்சல், பயணம், பழைய நோய் ஆகியவற்றை மருத்துவர் வினவுவது இறந்தவரை இழிவுபடுத்தவன்று. மறைப்பதே மரியாதை எனக் கருதுவோர் நம்மிடையே உளர். அம்மறைப்பு மற்றொரு வீட்டின் விளக்கை அணைத்துவிடலாம். உண்மை உரைத்தலும் கொடையின் பகுதியே என்பதை நாம் உணர்வோமாக.