பொட்டாசுப் பசளை: எப்போது, எப்படி இடுவது?

மாங்கேணி தொடங்கி வாகரை வரையுள்ள ஊர்களில் ஒருமுறையாவது இடம்பெயராத விவசாயக் குடும்பத்தைக் காண்பது அரிது. 1990 இலும் 2006 இலும் மக்கள் விளைநிலங்களை விட்டு ஓடினர். 2007 இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஊர் திரும்பியவர்களுக்கும், பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்பவர்களுக்கும் பெரும்பாலும் கடன்தான் கைமுதல். ஒரு பை பசளை வீணானால் இந்தப் போகத்தின் கடன் அடுத்த போகத்துக்கும் தொடரும். எனவே, மூன்று பசளைகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் பொட்டாசைப் பற்றி இங்கு நோக்குவோம்.

பொட்டாசு செய்யும் வேலை

யூரியா இட்டால் சில நாட்களில் பயிர் பச்சை கட்டும். பொட்டாசு இட்டால் அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காசு தட்டுப்படும்போது நாம் முதலில் கைவிடுவது பொட்டாசைத்தான். ஆனால் தண்டுக்கு உறுதி தருவதும், வரட்சியைத் தாங்க உதவுவதும், இலை செய்த உணவைக் கதிருக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. பொட்டாசின்றி யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் பயிர் மதமதவென்று வளர்ந்து சாயும். நோயும் இலகுவில் தொற்றும். கதிரில் பதர் கூடும்.

குறைபாட்டை முதலில் காட்டுவது அடியிலுள்ள முதிர்ந்த இலைகளே. அவற்றின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பின்னர் கபில நிறமாகக் கருகும். துருப்போன்ற புள்ளிகளும் தோன்றலாம்.

எவ்வளவு?

கடைகளில் எம்.ஓ.பி. என்று கிடைப்பதே பொட்டாசுப் பசளை. நீர்ப்பாய்ச்சல் உள்ள மூன்றரை மாத நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் 2013 இல் வெளியிட்ட சிபாரிசு ஹெக்டயருக்கு 60 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ அரை அந்தர். மானாவாரி வயலுக்கு இதிலும் குறைவு. மண்ணுக்கு மண் தேவை வேறுபடுவதால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

எப்போது?

எங்கள் கரையோர மணற்பாங்கான மண் பொட்டாசைப் பிடித்து வைப்பதில்லை. மாரி மழை கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே முழுவதையும் ஒரே தடவையில் இடாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஒரு பங்கைக் கடைசி உழவின்போது அடிக்கட்டாக இடலாம். வரண்ட மண்ணில் விதைக்கும் வயலில், முளைத்து இரண்டு கிழமையானதும் மண் ஈரமாயிருக்கும் வேளையில் இடலாம்.

மற்றப் பங்கைக் கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்தில் இட வேண்டும். மூன்று மாத நெல்லுக்கு அது விதைத்து ஏறத்தாழ 5 கிழமை. மூன்றரை மாத நெல்லுக்கு 6 கிழமை. நாளை மட்டும் நம்ப வேண்டாம். தாய் மட்டத்தைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் நீளத்தில் வெண்மையான இறகு போன்ற குருத்துத் தெரிந்தால் அதுவே தருணம். கதிர் வெளியே வந்த பின் இடுவதில் பெரும் பயன் இல்லை.

எப்படி?

முதலில் களையைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் பசளை களைக்கே போகும். வயல் நீரை மெல்லிய படலமாகக் குறைத்து, வக்கடையை அடைத்து, காற்று ஓய்ந்த நேரத்தில் சீராக வீசுங்கள். கடும்மழை வரும் அறிகுறி இருந்தால் பொறுத்திருங்கள். யூரியாவுடன் கலந்து இடுவதானால் இடுவதற்குச் சற்று முன்னர் கலவுங்கள். கலந்து வைத்தால் ஈரம் உறிஞ்சிக் கட்டியாகும்.

வாவி நீர் ஏறி உவர் பட்ட வயலில், மழைநீர் உவரைக் கழுவும் வரை காத்திருங்கள். எம்.ஓ.பி.யும் ஒரு வகை உப்பே. அத்தகைய வயலுக்கு உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 இனம் பொருத்தமானது.

வைக்கோலை எரிக்காதீர்கள்

நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. நெல்லோடு வயலை விட்டுப் போவது சிறு பங்குதான். ஏறக்குறைய இரண்டு தொன் வைக்கோலில் ஒரு 50 கிலோ பை எம்.ஓ.பி.க்கு ஈடான பொட்டாசு உண்டு. அதைச் சூடடித்த இடத்தில் குவித்து எரித்தால் தழைச்சத்து முழுவதும் புகையாகும். பொட்டாசு சாம்பலாக அந்த ஒரு மூலையிலேயே கிடந்து மழையோடு போகும். வைக்கோலை வயல் முழுவதும் பரப்பி, விதைப்புக்கு மூன்று கிழமை முன்னராவது உழுது மண்ணில் மடக்குங்கள். மாட்டுக்குக் கொடுத்தால் எருவை வயலுக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

பொட்டாசு எங்கள் நாட்டில் தோண்டி எடுக்கப்படுவதில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளே உலகுக்கு வழங்குகின்றன. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்கடுத்த ஆண்டு உக்ரைன் போரினால் உலகச் சந்தையிலும் விலை ஏறியது. கப்பல் வராத அந்த நாட்களிலும் வைக்கோல் எங்கள் வயலிலேயே கிடந்தது. இந்த அறுவடையில் ஒரு வரவையிலாவது வைக்கோலை மடக்கிப் பாருங்கள். அடுத்த போகத்தில் அந்த வரவையின் கதிரையும் பக்கத்து வரவையின் கதிரையும் கையிலெடுத்து, பதரை எண்ணி ஒப்பிடுங்கள். காசு கொடுக்காமலே கிடைக்கும் பசளையின் பெறுமதி அப்போது விளங்கும்.