வீட்டு ஸ்பீக்கர் டி.ஜே. மேடையில் ஏன் கருகுகிறது?

கூடத்தில் கணீரென்று பாடிய பழைய ஸ்பீக்கர், டி.ஜே. வேலைக்குப் போனால் ஒரே இரவில் கருகிவிடலாம். ஏன்?

ஸ்பீக்கரும் குண்டு பல்பு மாதிரிதான். வாங்கும் மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகிவிடும். வீட்டு ஸ்பீக்கரில் சுமார் 1 சதவீதமே ஒலியாகிறது. மிச்சமெல்லாம் உள்ளேயிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளைச் சுடவைக்கிறது.

காதுக்கு இரு மடங்கு சத்தம் வேண்டுமா? ஏறக்குறைய 10 மடங்கு மின்திறன் தர வேண்டும். சுருள் சூடேறினால் மின்தடை கூடி, சத்தம் குறையும். நீங்கள் வால்யூமை இன்னும் திருகுவீர்கள். கடைசியில் பசை இளகி, கம்பி அறுந்துபோகும்.

சரி, பழைய ஸ்பீக்கரை டி.ஜே. வேலைக்கேற்ப எப்படி மாற்றுவது? மரப்பெட்டி உறுதியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவுக்குப் பொருந்துகிற, பெரிய சுருள் கொண்ட மேடை ஸ்பீக்கரை மாட்டுங்கள். பெரும்பாலும் முதலில் கருகுவது, கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர். அதையும், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரையும் சேர்த்தே மாற்றுங்கள்.