உணவுத் தட்டுக்குத் தேனீ தரும் கொடை

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்காக எங்களிடம் வருவோர்க்கு, மருந்துச் சீட்டுடன் நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: காய்கறியும் பழமும் போதிய அளவு உண்ணுங்கள். அந்த அறிவுரை நிறைவேறத் துணைநிற்கும் சிற்றுயிர் தேனீ.

நெல்லும் கோதுமையும் தேனீயை எதிர்பார்த்து விளைவதில்லை. பூசணி, பாகல், வெள்ளரி போன்றவற்றிலோ ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றிற்குத் தேனீ சுமந்து சென்றால்தான் காய் பிடிக்கும். முருங்கைக்கு அப்பணியைப் பெரிதும் செய்வது தேனீயின் உறவான கருவண்டு. உலகின் முதன்மையான உணவுப் பயிர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, தேனீ முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை ஓரளவேனும் சார்ந்துள்ளது.

ஆகவே, தேனீக்கள் குறைந்தால் வயிறு நிரம்பும்; உடலுக்கு வேண்டிய சத்துகள் குறையும். 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கணிப்பாய்வு ஒன்று, மகரந்தம் சுமக்கும் உயிர்கள் முற்றிலும் மறைந்தால் உலகில் பழ விளைச்சல் ஏறத்தாழ 23 விழுக்காடும், காய்கறி விளைச்சல் 16 விழுக்காடும் குறையும் என்று மதிப்பிட்டது. அதனால் ஆண்டுதோறும் கூடுதலாக 14 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்றும் கூறியது. அவ்விறப்புகளுக்கு இதய நோய் உள்ளிட்ட தொற்றா நோய்களும் ஊட்டச்சத்துக் குறைவும் காரணமாகும்.

தேனீக்களின் அழிவை நம் மண்ணும் கண்டுள்ளது. தேனுக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் பகுதியிலும் அண்டைக் கேரளத்திலும் 1990-களின் தொடக்கத்தில், தேனீயின் இளம்புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோயொன்று பரவியது. வளர்ப்புக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களைப் பெருக்கியே அத்தொழில் மெல்ல மீண்டது.

நோய் மட்டுமே காரணமன்று. பூக்கும் மரங்களும் புதர்களும் அழிதல், ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் விளைத்தல், வெப்பநிலை மாற்றம், பூச்சிக்கொல்லிகள் ஆகியனவும் தேனீயை நலிவிக்கின்றன. 'நியோனிகோட்டினாய்டு' வகைப் பூச்சிக்கொல்லிகள் தேனீயின் நரம்புகளைத் தாக்கி, கூட்டிற்குத் திரும்பும் வழியையே மறக்கச் செய்கின்றன. அவ்வகையில் மூன்றைத் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.

வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை எளியவை. மாடியிலோ முற்றத்திலோ துளசி, முருங்கை, சூரியகாந்தி வளர்க்கலாம். ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைக்கலாம். தோட்டத்திற்கு மருந்து தெளிப்பது தவிர்க்க இயலாததெனில், பூக்காத வேளையில், மாலையில் தெளிக்கலாம்.

அச்சத்தால் தேன்கூட்டிற்குத் தீ வைப்பதும் கல்லெறிவதும் கூடாது. சினந்த தேனீக்களே கூட்டமாகக் கொட்டும். இடையூறான இடத்தில் கூடு இருப்பின், தேனீ வளர்ப்போரையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள். ஒரு தேனீ கொட்டினால், கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி அகற்றி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத்திணறல், நாக்கு அல்லது முக வீக்கம், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பல தேனீக்கள் கொட்டியிருந்தாலும், காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை போதும். தேனீயும் நாமும் ஒரே முற்றத்தில் வாழ இயலும். நாங்கள் பரிந்துரைக்கும் காயும் கனியும் நாளையும் உங்கள் தட்டில் இருக்க, அது வாழவேண்டும்.