நம்ம ஊர் வண்டி பனிமலை ஏறுகிறது!

அதிகாலை 4 மணி. ஆவடியில் பால்காரர்கூட இன்னும் வரவில்லை. ஒரு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பின் இருக்கையில் மூட்டையைக் கட்டுகிறான் மகன். படியில் நிற்கிறாள் தாய்.

"எங்கேடா போறே?"

"லடாக்குக்கு அம்மா."

"அது எங்கே இருக்கு?"

"இமயமலைப் பக்கம்."

"ஏன், ரெயில் போகாதா?"

மகன் சிரிக்கிறான். தாய் சிரிக்கவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இன்று நடக்கக்கூடிய காட்சிதான் இது. வாரம் முழுவதும் எந்திரத்தோடும் கம்ப்யூட்டரோடும் மல்லாடும் வாலிபர்கள், விடுமுறை வந்தால் மலை தேடிப் போகிறார்கள். சாலை முடிகிற இடத்தில்தான் அவர்கள் பயணம் தொடங்குகிறது!

அவர்கள் எப்படிப் போகிறார்கள்? எது அவர்களைப் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வருகிறது? வாசலில் நிற்கும் அந்தத் தாய்க்காக இதை எழுதுகிறோம்.

இரட்டை வேட வண்டி

சினிமாவில் ஒரே நடிகர் இரட்டை வேடம் போடுவார். அதுபோல் இரட்டை வேடம் போடும் மோட்டார் சைக்கிள் உண்டு. அதற்கு 'டூயல் ஸ்போர்ட்' என்று பெயர். நம்பர் பிளேட், விளக்கு எல்லாம் இருக்கும். தார்ச் சாலையில் போலீஸ்காரர் முன்னால் மரியாதையாக ஓடும். கல்லும் மணலும் வந்தால், ஆட்டுக்குட்டி போலத் தாவும்.

ஜப்பானின் யமஹா நிறுவனம் 1968-ல் 'டி.டி.1' என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. இந்த வகை வண்டி உலகமெங்கும் பரவியது அதன் பிறகுதான். நம் நாட்டில் 2011-ல் ஹீரோ நிறுவனம் 'இம்பல்ஸ்' என்ற வண்டியைக் கொண்டு வந்தது. 2016-ல் ராயல் என்பீல்டின் 'ஹிமாலயன்' வந்தது. 2019-ல் ஹீரோவின் 'எக்ஸ்பல்ஸ் 200' வந்தது.

இந்த வண்டியில் அப்படி என்ன விசேஷம்?

மாட்டு வண்டியின் சக்கரம் ஏன் பெரிதாக இருக்கிறது? சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்துவிடும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிவிடும். அதே கணக்குத்தான் இங்கேயும். 2016-ல் வந்த ஹிமாலயனின் முன் சக்கரம் 21 அங்குலம். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 220 மில்லி மீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், இடைவெளி. வழியில் கிடக்கும் கல் எந்திரத்தின் அடியில் இடிக்காமல் இருக்கவே இந்த உயரம். முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் 200 மில்லி மீட்டர் வரை அமுங்கி எழும். சக்கரம் குதிக்கும், ஆள் குதிக்க மாட்டார்!

பிறந்த வீடு பக்கத்தில்தான்!

பனிமலை ஏறும் ஹிமாலயன் பிறந்தது எங்கே தெரியுமா? நம் சென்னை வட்டாரத்தில்தான்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். இந்த இரண்டு இடங்களிலும் ராயல் என்பீல்டுக்குத் தொழிற்சாலைகள் உண்டு. ஒரகடம் 2013-ல் தொடங்கியது. வல்லம் வடகால் 2017-ல் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பே, 1955-ல், 'என்பீல்டு இந்தியா' என்ற பெயரில் நிறுவனம் சென்னையில் ஏற்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. எல்லையைக் காக்கும் ராணுவ வீரர்கள் அவற்றில் சுற்றினார்கள்.

நம் மேற்குப் பக்கமும் இளைத்ததல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. மேடு பள்ளத்தில் ஓடும் வண்டி, ஆவடிக்காரருக்குப் புதுமை அல்ல!

சோழவரமும் மலையும்

பெரியவர்களுக்குச் சோழவரம் நினைவிருக்கும். செங்குன்றத்துக்கு அப்பால், பழைய விமானத் தளத்தில் மோட்டார் பந்தயம் நடக்கும். ஜனங்கள் திருவிழாக் கூட்டம் போல் கூடுவார்கள். அங்கே வேகத்துக்குத்தான் பரிசு.

மலைப் பாதையின் சட்டம் நேர்மாறானது. அங்கே நிதானத்துக்குத்தான் பரிசு!

முதல் பாடம், நின்று ஓட்டுவது. கால்களை மிதியில் ஊன்றி எழுந்து நிற்க வேண்டும். முழங்கால்களால் பெட்ரோல் டாங்கியை அணைத்துக்கொள்ள வேண்டும். கீழே வண்டி ஆடும். மேலே உடம்பு ஆடாது. கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. போக வேண்டிய வழியில் இருக்க வேண்டும். பள்ளத்தையே பார்ப்பவன் பள்ளத்தில்தான் விழுவான்.

இரண்டாவது பாடம், டயரில் காற்று. மணலில் ஒட்டகம் எப்படி நடக்கிறது? அதன் பாதம் அகலம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், அதுவும் அகலமாகத் தரையைப் பிடிக்கும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால், கல் இடித்து டியூப் கிழியும்.

மூன்றாவது பாடம், இறக்கம். முதல் கியரில், எந்திரத்தின் பிடியிலேயே இறங்க வேண்டும். முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ஆள் தலைகுப்புற விழுவார்.

பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு

இதையெல்லாம் பழக முதலில் இமயத்துக்கே போக வேண்டுமா? வேண்டாம். திருவள்ளூர் தாண்டினால் கிராமத்து மண் சாலைகள் இருக்கின்றன. ஆனால் காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது. விளைந்த வயல் ஓரத்திலும் ஓட்டக் கூடாது. அது வீரம் அல்ல, குற்றம்.

கொஞ்சம் பழகியவர்கள் கண்டிக்கோட்டைக்குப் போகிறார்கள். திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை, ஜம்மலமடுகு வழியாகப் போக வேண்டும். அங்கே பெண்ணையாறு செம்பாறை மலையை வாள்போல் அறுத்துக்கொண்டு போகிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. அதன் விளிம்பில் கோட்டை நிற்கிறது. விளிம்பில் வேலி இல்லாத இடங்கள் உண்டு. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்ப்பதே புத்தி.

அதன் பிறகுதான் இமயம்.

தண்ணீர் ஏறும் நேரம்

லடாக்கில் சன்ஸ்கார் என்று ஓர் ஆறு. இருபுறமும் வானளாவிய பாறை. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியின் மேல்தான் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள். எல்லைச் சாலை அமைப்பினர் அந்தப் பாறையைக் குடைந்து, நிம்மு, பதும், தார்ச்சா என்ற மூன்று ஊர்களையும் 298 கிலோ மீட்டர் சாலையால் இணைத்தார்கள். 2024 மார்ச்சில் அந்த இணைப்பு முடிந்தது. வழியில் உள்ள ஷிங்கு லா கணவாய் 16 ஆயிரம் அடிக்கும் மேல்!

இங்கே ஓர் அதிசயம் கேளுங்கள். இமயத்தில் காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். மழையே பெய்திருக்காது! வெயில் ஏற ஏற, மேலே பனி உருகுகிறது. அந்தத் தண்ணீர் மதியத்துக்கு மேல் கீழே வந்து சேர்கிறது. ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் ஓடையைக் காலையிலேயே கடந்துவிடுகிறார்கள். அப்போதும் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்க்கிறார்கள். பிற்பகலில் வந்து மாட்டிக்கொண்டால், கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். 'எப்படியாவது கடந்துவிடலாம்' என்பவன் வண்டியை இழப்பான். சில சமயம் உயிரையும் இழப்பான்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது. அது காற்று! லடாக்கில் உம்லிங் லா என்ற இடத்தில் 19,024 அடி உயரத்தில் சாலை போகிறது. சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதிதான் அங்கே கிடைக்கும். எந்திரத்துக்கும் மூச்சு வாங்கும். மனிதனுக்குத் தலை வலிக்கும், குமட்டும். அதை அலட்சியம் செய்து மேலும் ஏறினால், நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து, உடனே கீழே இறங்குவது. லே நகரில் முதல் இரண்டு நாள் சும்மா இருக்கச் சொல்வது இதனால்தான்.

தென் துருவத்தில்!

ஹிமாலயன் தென் துருவத்துக்கே போயிருக்கிறது. சந்தோஷ் விஜயகுமார், டீன் காக்ஸன் என்ற இருவர், 2021 டிசம்பர் 16-ல் அந்த வண்டிகளில் தென் துருவத்தைத் தொட்டார்கள். ஆணி பதித்த டயர். அதிலும் காற்று வெகு குறைவு. அவர்கள் பறக்கவில்லை. பனியில் ஊர்ந்து ஊர்ந்தே போனார்கள்!

வேகத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ், 2015-ல் உலகப் புகழ் பெற்ற டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர். அனுபவசாலி. அவரே 2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் அதே பந்தயத்தில் விழுந்தார். தலையில் பலத்த அடி. மருத்துவர்கள் அவரை மயக்க நிலையில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். பிழைத்து வந்தார். பந்தயத்தில் மருத்துவர் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. சன்ஸ்கார் இடுக்கில் பல இடங்களில் போன்கூட எடுக்காது!

தாய்மார்களே, கேளுங்கள்!

மகன் கேட்டால் தடுக்க வேண்டுமா? வேண்டாம். ஊர் பார்ப்பது நல்லது. ஆனால் புறப்படும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

நல்ல ஹெல்மெட், முழங்கால் கவசம், பூட்ஸ் இருக்கிறதா?

கூடப் போவது யார்? தனியாக என்றால் வேண்டாம்.

பஞ்சர் ஒட்டத் தெரியுமா? விழுந்த வண்டியைத் தூக்கத் தெரியுமா? குனிந்து இழுத்தால் இடுப்பு போகும். வண்டிக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, காலின் பலத்தால் தூக்க வேண்டும்.

எந்த வழி, எந்த நாள், எந்த ஊர் என்று எழுதி வைத்தாயா?

கடைசிக் கேள்வி முக்கியம்: "பாதை சரியில்லை என்றால் எங்கே திரும்புவாய்?"

இதற்குப் பதில் வைத்திருப்பவனை நம்பி அனுப்பலாம். பாதி வழியில் திரும்பி வருவது வெட்கம் அல்ல. மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். வாசலில் காத்திருக்கும் தாய்க்கு, மகன் எவ்வளவு உயரம் ஏறினான் என்பது கணக்கல்ல. அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்!