கனவுலகம்: கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரைக்குத் தகுதி உண்டா?

புனைகதைகளில் வரும் கனவுலகங்களுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தேவையா? பதில் சொல்லப் போனால் முதலில் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. கனவுலகம்னா எது?

தேவையில்லை என்பவர்களின் வாதம் எளிமையானது. கனவு இல்லாத இலக்கியம் எங்கே இருக்கு? சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவு வரும் பகுதிக்கே 'கனாத்திறம் உரைத்த காதை' என்றுதான் பெயர். தமிழ் சினிமாவில் பாதி டூயட் கனவில்தான் நடக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் கொட்டினால் அது கட்டுரை இல்லை, வெறும் பட்டியல். யார் வேண்டுமானாலும் ஒரு வரி சேர்க்கலாம். எதையும் நீக்கக் காரணம் காட்ட முடியாது.

நியாயமான வாதம்தான். ஆனால் கவனிங்க, இது அந்தப் பக்கம் எழுதப்பட்ட விதத்தில் உள்ள குறை. பொருளுக்குத் தகுதியில்லை என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பொருளை ஒழுங்காக வரையறுத்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

மூன்று வகைக் கனவுகள்

முதல் வகை, கனவு ஒரு நிகழ்ச்சி. பாத்திரம் கனவு காண்கிறது, வரப்போவதை அது முன்கூட்டியே காட்டுகிறது. கண்ணகியின் கனவு இந்த வகை.

இரண்டாவது, கனவு ஒரு சட்டகம். லூயிஸ் கரோலின் ஆலிஸ் (1865) முயல் வளைக்குள் விழுகிறாள், என்னென்னவோ நடக்கிறது, கடைசியில் ஆற்றங்கரையில் அக்கா மடியில் கண் விழிக்கிறாள். அவள் விழித்ததும் அந்த உலகமும் முடிந்தது.

மூன்றாவது, கனவு ஓர் இடம். தூங்கினால் அங்கே போகலாம், விழித்தால் திரும்பலாம். நாம் இல்லாதபோதும் அந்த இடம் அங்கேயே இருக்கும்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், முதல் இரண்டும் ராமில் இருப்பவை, மின்சாரம் போனால் காலி. மூன்றாவது ஹார்ட் டிஸ்கில் எழுதப்பட்டது. தனிக் கட்டுரைக்கு உரியது இந்த மூன்றாவது வகைதான்.

இடமாக இருக்கும் கனவுகள்

வின்ஸர் மெக்கேயின் 'லிட்டில் நீமோ' சித்திரக்கதை 1905 அக்டோபரில் 'நியூயார்க் ஹெரால்ட்' நாளிதழில் தொடங்கியது. தூக்க நாட்டு ராஜா மார்ஃபியஸ், தன் மகளோடு விளையாட நீமோவை அழைத்துவரச் சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் பையன் படுக்கையில் விழித்துவிடுவான். கனவு கலைந்தாலும் அவன் போய்ச்சேர வேண்டிய நாடு அங்கேயே இருக்கிறது. அந்த நாட்டின் வாசலை எட்டவே அவனுக்குப் பல மாதங்கள் ஆகின்றன.

எச்.பி. லவ்கிராஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவருடைய கனவு நாட்டுக்கு வழியே இருக்கிறது. மெல்லிய உறக்கத்தில் 70 படிகள் இறங்கணும், அதற்குப் பிறகு ஆழ்ந்த உறக்கத்தின் வாசலுக்கு 700 படிகள். உல்தார் என்ற ஊரில் பூனையைக் கொல்லக் கூடாது என்று சட்டமே உண்டு. ஒரு கதையில் குரேனிஸ் என்பவன் விழிப்புலகில் செத்துப்போய்த் தன் கனவு நகரத்துக்கு ராஜாவாகிறான். இன்னொரு கதையில் ராண்டால்ஃப் கார்ட்டர் அதே நகரத்துக்குப் போய் அவனைச் சந்திக்கிறான். ஒருவன் கண்ட கனவுக்குள் இன்னொருவன் போய் ஆளைப் பார்க்க முடிகிறது என்றால், அது கனவு என்ற நிலையைத் தாண்டி ஊராகிவிட்டது. இந்த இரண்டாவது கதையை லவ்கிராஃப்ட் 1927இல் எழுதி முடித்தார், அவர் இறந்தபின் 1943இல்தான் அது வெளிவந்தது.

நீல் கெய்மனின் 'தி சாண்ட்மேன்' (1989–96) காமிக்ஸில் கனவு நாட்டின் அரசனையே சிலர் பல பத்தாண்டுகள் சிறை வைக்கிறார்கள். அவன் திரும்பி வரும்போது நாடு பாழடைந்து கிடக்கிறது. எழுத்தாளர்கள் எழுதாமல் கனவில் மட்டும் கண்ட நூல்களுக்கு அங்கே ஒரு நூலகமும் உண்டு.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. 'இன்செப்ஷன்' (2010) படத்தில் பெரும்பாலான கனவுகள் விழித்ததும் கலைபவை. ஆனால் அடியாழத்தில் உள்ள லிம்போவில், முன்பு போனவர்கள் கட்டிய நகரம் இன்னும் நிற்கிறது. வரையறை சரியாக இருந்தால் இப்படிப்பட்ட இடங்களில்தான் விவாதம் வரும். வரணும்.

வேறுபாட்டால் என்ன ஆகப்போகிறது?

ஓஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்க. ஃபிராங்க் பாம் எழுதிய 1900ஆம் ஆண்டு நாவலில் ஓஸ் நிஜமான நாடு. 1910இல் வந்த ஆறாவது புத்தகத்தில் டோரதி, சித்தப்பா சித்தியோடு அங்கேயே குடியேறிவிடுகிறாள். 1939இல் வந்த திரைப்படமோ, அத்தனையும் தலையில் அடிபட்ட மயக்கத்தில் கண்ட கனவு போல முடிகிறது. நாவலில் டோரதி வாழப்போன நாடு, படத்தில் அவள் குணமாகி எழுந்த மயக்கம். கதையின் பொருளே மாறிவிட்டது. 'கனவுகள்' என்ற பொதுப் பட்டியலில் இந்த மாற்றம் ஒரு வரிக்குள் காணாமல் போய்விடும்.

தகுதியை எது தீர்மானிக்கும்?

விக்கிப்பீடியா போன்ற இடங்களில் குறிப்பிடத்தக்கமை என்ற அளவுகோல் உண்டு. உதாரணங்கள் எத்தனை என்பது அதில் முக்கியமில்லை. நம்பகமான, சார்பற்ற நூல்கள் அந்தப் பொருளை விரிவாகப் பேசியிருக்கணும். அதனால் நான் மேலே போட்ட மூன்று வகைப் பிரிவை அப்படியே அங்கே எழுத முடியாது. அது சொந்த ஆய்வு. வலைப்பூவில் சொல்லலாம், கலைக்களஞ்சியத்தில் கூடாது.

ஆனால் பேசியவர்கள் இருக்கிறார்கள். சிசரோ எழுதிய ஸ்கிப்பியோவின் கனவுக்கு மேக்ரோபியஸ் பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் உரை எழுதி, கனவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார். இடைக்கால ஐரோப்பாவின் கனவுக் கவிதைகளைப் பற்றி ஏ.சி. ஸ்பியரிங் 1976இல் தனி நூலே எழுதினார். டோல்கீன் தேவதைக் கதைகள் பற்றிய தன் கட்டுரையில், கனவு என்ற உத்தியால் விளக்கிவிடும் கதைகளைத் தேவதைக் கதைகளாக ஏற்க மறுத்தார். கதை கட்டிய அற்புத உலகத்தின் உண்மையை அந்த உத்தி கெடுத்துவிடுகிறது என்பது அவர் வாதம்.

ஆக, என் பதில்: தகுதி உண்டு. கனவு வரும் படைப்புகளையெல்லாம் சேர்க்காமல், கனவு இடமாக நிற்கும் படைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளணும். கட்டுரையின் உடம்பு அறிஞர்கள் சொன்னதாக இருக்கட்டும், உதாரணங்கள் அதற்குத் துணையாக ஏழெட்டுப் போதும். இப்போது இருக்கும் பக்கம் மோசமாக இருந்தால் திருத்தி எழுதலாம். பக்கத்தை நீக்கினால் மேக்ரோபியஸிலிருந்து டோல்கீன் வரை வந்த ஒரு விவாதத்துக்குள் புதுசாக வரும் வாசகருக்கு வாசல் இல்லாமல் போய்விடும்.