காந்தத்தில் ஒரு தேரோட்டம்

இராசபாளையத்து மாணவர்களே, திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே தாளத்தில் இழுத்தால் ஓடும். காந்தத்துக்குள்ளும் இத்தகைய ஒற்றுமை உண்டாகும் என்றால் நம்புவீர்களா?

காந்தப் பொருளின் அணுக்கள் நுண்காந்தங்களைப் போன்றவை. ஒன்று சற்றே சாய்ந்தால் அச்சாய்வு அடுத்தடுத்துப் பரவி அலையாகும். இவ்வலையாற்றலின் மிகச் சிறு கூறே 'மாக்னான்'. டாக்காவில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் வகுத்த கணக்குமுறை இதற்கும் பொருந்தும். அதை விரிவாக்கிய ஐன்ஸ்டீன், துகள்கள் போதிய அளவு நெருங்கினால், பெருந்தொகையானவை மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் குவியும் என்றார்.

1995-இல் ருபிடியம் அணுக்களில் இதைக் காண, தனிச்சுழி வெப்பநிலையை ஏறத்தாழத் தொடும் கடுங்குளிர் தேவைப்பட்டது. ஆனால் 2006-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெமோகிரிடோவ் குழுவினர் அறை வெப்பநிலையிலேயே மாக்னான்களைக் குவியச் செய்தனர்! எவ்வாறு? மாக்னானின் நிறை மிகக் குறைவு. அத்துடன், 5 மைக்ரான் தடிப்புள்ள இட்ரியம் இரும்புக் கார்னெட் மென்படலத்தில் மைக்ரோ அலைகளைச் செலுத்தி, மாக்னான்களின் எண்ணிக்கையைப் பெருக்கினர். அவை அழிவதற்குள் தமக்குள் மோதி ஆற்றலைப் பகிர்ந்து, தாழ்நிலையில் குவிந்தன. படலத்தில் பட்டுச் சிதறிய லேசர் ஒளி இதைக் காட்டிற்று.

தேரிழுப்போருக்குத் தாளம் சொல்ல ஒருவர் வேண்டும். மாக்னான்களோ தாமாகவே தாளம் சேர்கின்றன. வெப்ப இழப்புக் குறைந்த கணிப்பொறிகளுக்கு இவ்வலைகள் உதவுமா என அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.